சிபி500 கடிதம் வந்திருக்கிறது: லோக்கம் டாக்டர்கள் வரியை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

சிப்புட்_லோக்கம் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். அரசாங்கக் காண்ட்ராக்ட் முடிந்து 2024 ஜனவரியிலிருந்து முழுநேர லோக்கம், அதாவது மற்றவர்கள் கிளினிக்கில் மணிக்கணக்குக் கூலிக்குப் பார்க்கும் டாக்டர். டவுனில் ஒரு கிளினிக், கோலகங்சாரில் ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஈப்போவில் ஒன்று. இது போக வாரத்தில் ஒரு நாள் காலை பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துக்கு விஎம்ஓ, வந்துபோகும் மருத்துவ அதிகாரி.

போன வாரம் அப்பா போன் செய்தார். "உனக்குக் கவர்மெண்ட் கடிதம் வந்திருக்கும்மா, கோர்ட் சமாச்சாரம் மாதிரி இருக்கு, நான் பிரிக்கல." முப்பது வருஷம் ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். கடிதத்தைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார். போய்ப் பிரித்தால் மலேசிய வருமான வரி வாரியத்தின் சிபி500, வரியை முன்கூட்டியே தவணையில் கட்டச் சொல்லும் கடிதம். இந்த வருஷத்துக்கு 12,000 வெள்ளி, ஆறு தவணை, தவணைக்கு 2,000. முதல் தவணை இந்த மார்ச்சில்.

என் குழப்பம் இதுதான். 2024-க்கான வரியைப் போன ஜூனில் மொத்தமாகக் கட்டிவிட்டேன். 2025-க்கான வரி இந்த ஜூனில் வருகிறது. அப்படியானால் இந்த 12,000 எதற்கு? ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை கேட்கிறார்களா?

ஆலோசனை சொல்ல ஆள் நிறைய. ஒருவர் கம்பெனி திற என்கிறார், ஒருவர் கார் வாங்கு என்கிறார், ஒருவர் கேஷாக வாங்கிக்கொள் என்கிறார். ஏமாற்ற எனக்கு ஆசை இல்லை. கட்ட வேண்டியதைக் கட்டுகிறேன், கட்ட வேண்டாததைக் கட்டாமல் இருந்தால் போதும். பெரிய தலைவலி இன்னொன்று: டவுன் கிளினிக்கில் என் மணிக்கணக்கு ஒரு 555 புத்தகத்தில், கடைக்கடன் எழுதும் அந்தக் குட்டி நோட்டில் இருக்கிறது. மாதக் கடைசியில் டுயிட்நவ் வங்கிப் பரிமாற்றத்தில் பணம் வரும், ஒரு சீட்டும் வராது.

கணக்கர்_ஈப்போ

டாக்டர், இரண்டு முறை இல்லை. உங்களுக்கு நடப்பது லோக்கம் தொடங்கிய எல்லாருக்கும் மூன்றாவது வருஷம் நடப்பது.

நீங்கள் அரசாங்கத்தில் இருந்தபோது மாதாமாதம் சம்பளத்திலேயே பிசிபி என்று வரியைப் பிடித்தார்கள். வரி கட்டுகிறோம் என்ற நினைப்பே இருந்திருக்காது. லோக்கம் வருமானம் தொழில் வருமானம், அதில் பிடிக்க யாரும் இல்லை. 2024-இல் உங்களுக்குத் தொழில் இருப்பதே வாரியத்துக்குத் தெரியாது, 2025 ஜூனில் தொழில் வருமானக்காரர்களுக்கான படிவம் பி போட்ட பிறகுதான் தெரிந்தது. அந்தக் கணக்கை வைத்து 2026-க்கு உத்தேசமாக ஒரு தொகை போட்டு அனுப்பியதுதான் உங்கள் கையில் இருக்கும் கடிதம். மார்ச், மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர், அப்புறம் அடுத்த ஜனவரி.

2025 இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிட்டது. அதற்குத் தவணை எதுவும் போகவில்லை, ஆகவே இந்த ஜூனில் முழுசாகக் கட்ட வேண்டும். கையிலிருந்து இந்த வருஷம் இரட்டிப்பாகப் போகும், ஆனால் அது இரண்டு வேறு வருஷங்களின் வரி. 2027 ஜூனில் மிச்சம் மீதி மட்டும்தான் இருக்கும்.

தவணைக்கு 30 நாள் அவகாசம். தவறினால் அந்தத் தவணையில் 10 விழுக்காடு அபராதம். மார்ச் தவணையை முதலில் கட்டிவிடுங்கள், மற்றதைப் பிறகு பேசலாம்.

ஒரு கேள்வி. தோட்டத்தில் உங்களுக்கு இஏ படிவம், அதாவது முதலாளி தரும் வருஷச் சம்பள அறிக்கை, கொடுக்கிறார்களா?

சிப்புட்_லோக்கம்

கொடுக்கிறார்கள். மாதம் 1,500, அதில் இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) பிடிக்கிறார்கள். நான் அதையும் லோக்கத்தோடு சேர்த்துத் தொழில் வருமானம் என்றுதான் போட நினைத்தேன்.

கணக்கர்_ஈப்போ

கேட்டது நல்லதாகப் போயிற்று. இபிஎஃப் பிடித்து இஏ கொடுத்தால் அது சம்பளம். படிவம் பி-யிலேயே சம்பளத்துக்குத் தனி இடம் இருக்கிறது, அங்கே போடுங்கள். அந்த 18,000-க்கு எதிராகப் பெட்ரோல் செலவைக் கழிக்க முடியாது, தொழில் செலவெல்லாம் கிளினிக் வரவோடுதான்.

இன்னொன்று. தோட்டம் பிடிக்கும் 11 விழுக்காடு வருஷத்துக்கு 1,980 ஆகிறது. வருமானத்திலிருந்து இபிஎஃப்புக்காகக் கழிக்கும் 4,000 வரிக்கழிவில் பாதி அங்கேயே வந்துவிட்டது. மீதி 2,020-ஐ நீங்களாக இபிஎஃப்பில் போட்டால் கழிவு நிரம்பும். அதற்கு மேலும் போடலாம், வருஷத்துக்கு 100,000 வரை அனுமதி உண்டு. அது ஓய்வுக்காலச் சேமிப்பு, வரிக்காக இல்லை.

பழைய_எச்ஏ

விஎம்ஓ என்ற வார்த்தையைப் பார்த்ததும் உள்ளே வந்துவிட்டேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் எச்ஏ-வாக, அதாவது மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்கள் எங்களை டிரெஸ்ஸர் என்றுதான் கூப்பிடுவார்கள். விஎம்ஓ டாக்டர் வரும் நாள் என்றால் விடியற்காலையே டெட்டால் போட்டுத் தரையைத் துடைத்து, ரிஜிஸ்டரைச் சிவப்பு மையில் கோடு போட்டு வைப்போம். அவர் கையெழுத்துப் போட்டால்தான் மருந்து ஆர்டர் போகும். அந்த நாற்காலியில் தோட்டத்துப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கேட்க மனசு நிறைகிறது.

வரி எனக்குத் தெரியாது. பணம் ஒதுக்கத் தெரியும். அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தோட்டத் தொழிலாளர்களுக்காக நிலக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியபோது 100 வெள்ளிப் பங்கை எங்கப்பா தவணையில்தான் கட்டினார். சம்பளம் வாங்கி வீட்டுக்குள் நுழையும் முன் தனியாக எடுத்து வைத்துவிடுவார். அம்மா கையில் போனால் அரிசியாகிவிடும் என்பார். நீங்களும் பணம் வந்த அன்றே பிரித்து வைத்துவிடுங்கள்.

பிசியோ_சுந்தரம்பிள்ளை

நான் டாக்டர் இல்லை, பிசியோ. வீடு வீடாகப் போய்ப் பக்கவாத நோயாளிகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். ஐயா சொன்னதைத்தான் செய்கிறேன். தனி வங்கிக் கணக்கு ஒன்று, உள்ளே வரும் ஒவ்வொரு தொகையிலும் 15 விழுக்காடு அன்றைக்கே அங்கே போய்விடும். அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்கவில்லை.

எனக்கு ஒரு சந்தேகம். வீட்டிலிருந்து கிளம்பி நோயாளி வீட்டுக்குப் போகும் பெட்ரோலைக் கழிக்கலாமா கூடாதா? கேட்ட இடமெல்லாம் வேறு வேறு பதில்.

கணக்கர்_ஈப்போ

டாக்டருக்கும் உங்களுக்கும் வேறு வேறு பதில். டாக்டர் வீட்டிலிருந்து டவுன் கிளினிக்குப் போவது வேலைக்குப் போகும் பயணம், சொந்தச் செலவு. டவுன் கிளினிக்கை முடித்துவிட்டு நேராகக் கோலகங்சார் கிளினிக்குப் போனால் அது தொழில் பயணம், கழிக்கலாம். உங்களுக்குக் கிளினிக்கே கிடையாது. கருவிகள் வீட்டில், அப்பாயின்மெண்ட் வாங்குவது வீட்டில், கணக்கு எழுதுவது வீட்டில். வீடுதான் தொழில் நடக்கும் இடம் என்று காட்ட முடிந்தால் உங்கள் வழக்கு பலமானது. எப்படியும் ஒரு நோட்டில் தேதி, எங்கிருந்து எங்கே, கிலோமீட்டர் மூன்றையும் எழுதுங்கள். "பெட்ரோல் 6,000" என்று ஒற்றை வரியாகப் போட்டுவிட்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கே பயமாக இருக்கிறது.

ரெண்டு_கிளினிக்

ரசீதைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்ரோல் ஸ்டேஷன் ரசீதையெல்லாம் ஒரு மைலோ டின்னில் போட்டு வைத்திருந்தேன். மூன்று வருஷம் கழித்துத் தணிக்கைக்குக் கேட்டபோது திறந்தால் எல்லாம் வெள்ளைக் காகிதம். சூட்டில் மை பறந்துவிட்டது. ஏழு வருஷம் ஆதாரம் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அந்தக் காகிதம் ஏழு மாதம்கூடத் தாங்காது. அன்றன்றைக்கே போன் கேமராவில் எடுத்துவிடுங்கள்.

சும்மா_சொன்னேன்

இவ்வளவு கஷ்டம் எதற்கு? கேஷாக வாங்கினால் யாருக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த லோக்கம் ஒருத்தர் பத்து வருஷமாக அப்படித்தான்.

ரெண்டு_கிளினிக்

தம்பி, நான் கிளினிக் நடத்துகிறவன், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். லோக்கத்துக்குக் கொடுக்கும் பணம் எனக்குச் செலவு. என் கணக்கில் காட்டினால்தான் என் வரி குறையும். உங்களுக்காக அதை மறைத்து உங்கள் வரியை நான் கட்டுவேனா? என் லெட்ஜரில் பெயர், ஐசி நம்பர், மாதத் தொகை எல்லாம் இருக்கிறது. என்னைத் தணிக்கை செய்யும் நாளில் உங்களையும் சேர்த்துத்தான் செய்கிறார்கள்.

தானாக முன்வந்து சொன்னால் அபராதமே இல்லை என்று ஒரு திட்டம் இருந்தது, அது 2024 மே 31-உடன் முடிந்தது. பிடிபட்டால் கட்டாத வரிக்கு 100 விழுக்காடு வரை அபராதம் போடச் சட்டத்தில் இடம் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்தவரிடம் சொல்லுங்கள்.

அப்புறம், வங்கியில் வீட்டுக்கடன் கேட்டால் சொந்தத் தொழில்காரர்களிடம் முதலில் கேட்பது படிவம் பி, கூடவே வரி கட்டிய ரசீது. பத்து வருஷம் கேஷ் வாங்கியவர் எதைக் காட்டுவார்?

அரசு_எம்ஓ

நான் இன்னும் அரசாங்கத்தில்தான் இருக்கிறேன், அனுமதி வாங்கி மாதம் நாலைந்து இரவு லோக்கம் செய்கிறேன். இத்தனை வருஷமும் சம்பளக்காரர்களுக்கான படிவம் பிஇ-தான் போட்டேன், லோக்கம் பணத்தை "மற்ற வருமானம்" என்று. தப்பா?

கணக்கர்_ஈப்போ

தொடர்ந்து செய்கிறீர்கள், கூலி பேசி வாங்குகிறீர்கள், அது தொழில் வருமானம். சம்பளமும் தொழிலும் சேர்ந்தால் படிவம் பி. கெடுவும் மாறும்: பிஇ ஏப்ரல் 30, பி ஜூன் 30. இ-ஃபைலிங்கில் இரண்டுக்கும் 15 நாள் சலுகை வழக்கமாகக் கிடைக்கிறது. படிவம் பி-யில் உங்களுக்குத்தான் லாபம். இண்டெம்னிட்டி காப்புறுதியில் (நோயாளி வழக்குப் போட்டால் காக்கும் காப்புறுதி) லோக்கத்துக்கான பங்கு, ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கான பயணம் எல்லாவற்றையும் கழிக்கலாம். பிஇ-யில் அதற்கு இடமே இல்லை.

சிப்புட்_லோக்கம்

சரி, என் 2025 கணக்கைப் போட்டு வைக்கிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள். கிளினிக் மூன்றும் சேர்த்து 132,000. தோட்டம் 18,000. மொத்தம் 150,000.

செலவு: இண்டெம்னிட்டி காப்புறுதி, ஆண்டுப் பயிற்சிச் சான்றிதழ், கிளினிக்குக் கிளினிக் பெட்ரோல் டோல், இரண்டு கருத்தரங்குகள், போன் பில்லில் பாதி. கூட்டினால் 10,000. மாஸ்டர்ஸுக்குக் கட்டிய பணத்தையும் இதில் சேர்க்கலாமா?

கார் 2024-இல் வாங்கியது, தவணையில்தான். நண்பன் ஒருவன் முழு விலையையும் முதல் வருஷமே கழிக்கலாம் என்றான்.

கணக்கர்_ஈப்போ

மாஸ்டர்ஸ் வேண்டாம். இருக்கும் திறமையைப் புதுப்பிக்கும் கருத்தரங்கு தொழில் செலவு, புதுப் பட்டம் அப்படி இல்லை. அது சுயகல்விக்கான 7,000 வரிக்கழிவில் வரும், அங்கே போட்டால் தொல்லை இல்லை.

கார் விஷயத்தில் உங்கள் நண்பர் பாதி மட்டும் கேட்டிருக்கிறார். கார் மூலதனம், அதற்குத் தேய்மானப்படி உண்டு: வாங்கிய வருஷம் தொடக்கப் படி 20 விழுக்காடு, ஆண்டுப் படி 20 விழுக்காடு. ஆனால் தவணையில் வாங்கினால் முழு விலைக்கும் கிடையாது. முன்பணமும், அந்த வருஷம் கட்டிய தவணையில் அசல் பங்கும்தான் கணக்கில் வரும். அதிலும் தொழிலுக்கு ஓட்டிய பங்கு மட்டும். கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் ஓட்டியது உங்களுடையது. கார் எவ்வளவு விலை ஆனாலும் 100,000-க்கு மேல் எண்ண மாட்டார்கள். புதுக் காரின் விலை 150,000-ஐத் தாண்டினாலோ, பழைய காராக இருந்தாலோ 50,000-தான். வரிக்காக பிஎம்டபிள்யூ வாங்கும் டாக்டர்களைப் பார்க்கும்போது விற்பனைக்காரரைத்தான் பாராட்டத் தோன்றுகிறது.

தவணை அட்டவணையை வங்கியில் கேட்டு வாங்கிக் கணக்குப் போடுங்கள். பேச்சுக்கு 5,000 என்று வைத்துக்கொள்வோம். 150,000-இல் 15,000 போனால் 135,000.

இனி வரிக்கழிவு. உங்களுக்கான தனிநபர் கழிவு 9,000, இபிஎஃப் 4,000, ஆயுள் காப்புறுதி 3,000, மருத்துவக் காப்புறுதி 3,000, பிஆர்எஸ் என்ற தனியார் ஓய்வுக்காலத் திட்டம் 3,000, புத்தகம், போன், இணையம் போன்ற வாழ்க்கைமுறைச் செலவு 2,500. அப்பா அம்மாவுக்கு மருத்துவச் செலவு செய்திருப்பீர்கள், 8,000 வரை உண்டு. 3,500 என்று வைப்போம். மாஸ்டர்ஸை இப்போதைக்கு விட்டுவிட்டால் மொத்தம் 28,000. வரிக்குரிய வருமானம் 107,000.

முதல் 100,000-க்கு வரி 9,400. மேலே உள்ள 7,000-க்கு 25 விழுக்காடு, 1,750. ஆக 11,150. ஒன்றையுமே கழிக்காமல் அந்த 9,000-ஐ மட்டும் போட்டிருந்தால் 19,650 வந்திருக்கும். 8,500 வித்தியாசம், எல்லாம் நீங்கள் ஏற்கெனவே செலவு செய்த பணம்தான்.

சிப்புட்_லோக்கம்

அப்பாவின் கண் ஆபரேஷன் ரசீது எங்கேயோ இருக்கிறது. சாமி படத்துக்குப் பின்னால் தேட வேண்டும்.

ரெண்டு_கிளினிக்

கம்பெனியைப் பற்றி யாரும் பேசவில்லையே. சென்டிரியான் பெர்ஹாட், அதாவது தனியார் கம்பெனி திறந்தால் முதல் 150,000 லாபத்துக்கு 15 விழுக்காடுதான். அதற்கு மேல் 600,000 வரை 17. தனியாளுக்கு 100,000-ஐத் தாண்டியதும் 25. இதைச் சொல்லித்தான் எனக்குக் கம்பெனி திறந்து கொடுத்தார்கள்.

கணக்கர்_ஈப்போ

சொன்னவர் விகிதத்தை மட்டும் காட்டியிருக்கிறார். டாக்டரின் அந்த 135,000-ஐ முழுசாகக் கம்பெனி லாபம் என்று வைத்தால் 15 விழுக்காடு 20,250. தனியாளாக அவர் கட்டுவது 11,150. கம்பெனிக்கு 9,000 கழிவும் கிடையாது, அப்பா கண் ஆபரேஷனும் கிடையாது, 1, 3, 6 விழுக்காடு என்று கீழ்ப்படிகளும் கிடையாது.

கெட்டிக்காரர்கள் இரண்டாகப் பிரிப்பார்கள்: 100,000 வரை சம்பளமாக எடுத்துக்கொண்டு மேலே உள்ளதைக் கம்பெனியில் விடுவார்கள். அதில் மிச்சம் 25-க்கும் 15-க்கும் உள்ள இடைவெளி, வெள்ளிக்கு 10 காசு. டாக்டருக்கு மேலே இருப்பது 7,000. மிச்சம் 700 வெள்ளி. கம்பெனிச் செயலாளர், கணக்கு, தணிக்கை, வரி ஏஜெண்ட் என்று வருஷத்துக்கு 6,000 போகிறது என்று வையுங்கள். அந்தச் செலவை ஈடுகட்டவே 100,000-க்கு மேல் இன்னொரு 60,000 வரிக்குரிய வருமானம் வேண்டும்.

ரெண்டு_கிளினிக்

ஒத்துக்கொள்கிறேன். நான் அந்தக் கணக்கைப் பின்னால்தான் போட்டேன். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனி திறந்தது கிளினிக் தொடங்கும் முன், நான் ஒரு தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த அடிப்படையில் நோயாளி பார்த்த காலத்தில். மருத்துவமனை பணத்தைக் கம்பெனிக்குப் போடும். தணிக்கையில் கேட்ட முதல் கேள்வி: "இந்தக் கம்பெனியில் உங்களைத் தவிர யார் மருத்துவம் பார்க்கிறார்?" யாரும் இல்லை. ஊழியர் இல்லை, கருவி இல்லை, முகவரிகூட என் வீடு. அப்போதுதான் 140-ஆம் பிரிவு என்று ஒன்று இருப்பதே எனக்குத் தெரிந்தது. வரியைத் தவிர்க்க மட்டும் செய்த ஏற்பாடு என்று தோன்றினால் அதை இல்லாததாக வைத்து, வருமானம் அந்த ஆளுடையது என்று கணக்குப் போட வாரியத்துக்கு அதிகாரம் இருக்கிறது. எனக்கு அப்படித்தான் போட்டார்கள், அபராதத்தோடு. யாரையும் குறை சொல்லவில்லை. கையெழுத்துப் போட்டது நான்.

இப்போதைய கம்பெனி வேறு கதை. இரண்டு இடம், ஐந்து ஊழியர்கள், மருந்து ஸ்டாக், எக்ஸ்ரே இருக்கிறது. அதைப் பார்த்து அந்தக் கேள்வியை யாரும் கேட்க மாட்டார்கள்.

பிசியோ_சுந்தரம்பிள்ளை

சிபி500 தொகை அதிகமாக இருந்தால் குறைக்க முடியுமா? போன வருஷம் எனக்குக் கை முறிந்து மூன்று மாதம் வேலை இல்லை, தவணை மட்டும் நிற்கவில்லை.

கணக்கர்_ஈப்போ

முடியும். ஜூன் 30-க்குள் சிபி502 என்ற திருத்தப் படிவம் போட்டுக் காரணம் சொல்லுங்கள். ஆசைக்குக் குறைக்காதீர்கள். உண்மை வரி திருத்திய தொகையைவிடக் கூடி, அந்த வித்தியாசம் உண்மை வரியில் 30 விழுக்காட்டைத் தாண்டிவிட்டால், அந்த எல்லையைத் தாண்டிய தொகைக்கு 10 விழுக்காடு அபராதம். கை முறிந்தவருக்கு நியாயமான காரணம் இருந்தது. கேட்காமல் விட்டுவிட்டீர்கள்.

சிப்புட்_லோக்கம்

எல்லாருக்கும் நன்றி. செய்தவற்றைச் சொல்கிறேன். மார்ச் தவணை கட்டியாயிற்று. தனிக் கணக்கு திறந்தாயிற்று, 15 விழுக்காடு போகிறது. 150,000-க்கு 22,500 வரும். இந்த வருஷம் நவம்பர் வரை ஐந்து தவணை 10,000, ஜூனில் 11,150. கணக்கு இடிக்கவில்லை. கம்பெனி யோசனையை விட்டுவிட்டேன்.

ஈப்போ, கோலகங்சார் கிளினிக்குகள் கேட்டதும் வருஷக் கணக்கை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டன. டவுன் கிளினிக் முதலாளியிடமும் கேட்டேன். சிரித்துக்கொண்டே அலமாரியைத் திறந்து நான்கு 555 புத்தகங்களை எடுத்துக் கையில் கொடுத்தார். "நீயே கூட்டிக்கோம்மா, நான் சைன் பண்றேன்."

நேற்று இரவு உட்கார்ந்து கூட்டினேன். இரண்டாவது புத்தகத்தில் என் மணிக்கணக்குக்கு நடுவில் ரொட்டிச் சானாய் கடன், நர்ஸ் அக்காவின் சீட்டுப் பணம், யாரோ ஒருவரின் ரத்த அழுத்தம் 150/90. ஆகஸ்டில் எனக்கு ஆறு மணி நேரக் கூலி வராமலே போயிருக்கிறது.

பழைய_எச்ஏ

அந்த ஆறு மணி நேரத்தை முதலில் வாங்கும்மா. அதற்கும் சேர்த்து வரி கட்டலாம்.